‘பைப் அப்’ என்ற வினைக்குத் தமிழில் என்ன எழுதுவது?

ஜூன் 3, மாலை (வாசகர் கேள்வி)

சிறுவர் கதை ஒன்றை மொழிபெயர்த்துப் பழகி வருகிறேன். காட்டில் வழிதவறிய பெரியவர்கள் நெடுநேரம் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். கூட்டத்தின் பின்னால் நிற்கும் ஒரு சிறுமி, ‘எனக்கு வழி தெரியும்’ என்கிறாள். அந்த ‘என்கிறாள்’ இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கிலத்தில் ‘பைப்டு அப்’ என்று இருக்கிறது. என்னிடம் உள்ள அகராதி ‘உரக்கப் பேசு’ என்று பொருள் தருகிறது. எனக்கு அது பொருந்தவில்லை. ‘குறுக்கிட்டாள்’ என்று எழுதினால் போதும் என்பது என் எண்ணம்.

ஜூன் 3, இரவு

போதாது. அகராதி தரும் பொருளும் தவறு, ‘குறுக்கிட்டாள்’ என்பதும் தவறு. ஆனால் இரண்டும் வெவ்வேறு வகையில் தவறு.

உரக்கப் பேசுவது ‘ஸ்பீக் அப்’. சாட்சிக்கூண்டில் நின்று முணுமுணுப்பவரிடம் நீதிபதி சொல்வது அது. ‘பைப் அப்’ என்பதில் குரல் பெரிதாக வேண்டும் என்ற கட்டாயமே இல்லை. பெரும்பாலும் அது சின்னக் குரல்தான். ‘குறுக்கிட்டாள்’ என்று எழுதினால் வேறொரு கேடு வருகிறது. குறுக்கிடுதல் என்பது ஒருவருடைய பேச்சை வெட்டுவது. ‘பெரியவங்க பேசும்போது குறுக்கே பேசாதே’ என்று கேட்டு வளர்ந்த நம் காதில் அந்தச் சொல் எப்போதும் கண்டனத்தோடுதான் வந்து விழும். கதையில் வரும் சிறுமி யார் பேச்சையும் வெட்டவில்லை. எல்லாரும் பேசிக் களைத்த இடைவெளியில், யாரும் எதிர்பாராத மூலையிலிருந்து பேசினாள், அவ்வளவுதான்.

இருபது ஆண்டுகளாகச் சிறுவர் நூல்களின் மெய்ப்புத் திருத்தி வருகிறேன். இந்த ஒரு வினையில் சறுக்காத மொழிபெயர்ப்பை மிக அரிதாகவே பார்த்திருக்கிறேன்.

ஜூன் 4, காலை

சொல்லின் வேரைப் பார்த்தால் விஷயம் தெளிவாகும். ‘பைப்’ என்றதும் நமக்குத் தண்ணீர்க் குழாய்தான் நினைவுக்கு வருகிறது. ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி என்னிடம், ‘மோட்டார் போட்டுத் தண்ணியை மேல ஏத்துறதா?’ என்று கேட்டாள். கேள்வி தவறல்ல, இன்று அந்தச் சொல்லுக்கு நம்மிடையே அந்த ஒரு பொருள்தான் புழக்கத்தில் இருக்கிறது. ஆனால் ஆங்கிலத்தில் அந்தச் சொல் முதலில் குறித்தது ஊதுகுழலை. அதற்கும் பின்னால் போனால் லத்தீனில் ‘பிபாரே’ என்றொரு வினை இருக்கிறது. குஞ்சுப் பறவை கீச்சிடுவதைக் குறிக்கும் ஒலிக்குறிப்புச் சொல் அது. நாம் ‘கீச்’ என்பதைப் போல லத்தீன்காரர் காதில் அது ‘பிப்’ என்று கேட்டிருக்கிறது. குஞ்சின் ஒலியிலிருந்து குழலுக்கும், குழலிலிருந்து மனிதத் தொண்டைக்கும் சொல் நகர்ந்திருக்கிறது. ‘பைப் அப்’ என்றால் முதலில் குழல் ஊதத் தொடங்குதல், பாடத் தொடங்குதல். பிறகுதான் அது பேசத் தொடங்குதல் ஆயிற்று.

மனிதக் குரலைக் குழல் என்று சொல்லும் வழக்கம் ஷேக்ஸ்பியரிடமே இருக்கிறது. ‘பன்னிரண்டாம் இரவு’ நாடகத்தில், ஆண் வேடத்தில் இருக்கும் வயோலாவிடம் ஆர்சினோ, ‘உன்னுடைய சின்னக் குழல் கன்னிப்பெண்ணின் குரலைப்போல் இருக்கிறது’ என்கிறான். மனித வாழ்வின் ஏழு பருவங்களைச் சொல்லும் புகழ்பெற்ற பேச்சிலும், ஆறாம் பருவத்துக் கிழவனின் கனத்த குரல் மீண்டும் குழந்தைக் குரலாகத் திரும்பிக் குழலாகவும் சீழ்க்கையாகவும் ஒலிப்பதாக வருகிறது. இந்த வரிகள் இரண்டும் அவருடைய நாடகங்களின் 1623ஆம் ஆண்டுத் தொகுப்பில்தான் முதலில் அச்சேறின. ஆகவே நானூறு ஆண்டுகளுக்கு முன்பே ‘குழல்’ என்றால் மெலிந்த குரல், அதாவது குழந்தை, இளம்பெண், முதியவர் ஆகியோரின் குரல் என்ற எண்ணம் அந்த மொழியில் ஊன்றியிருந்தது. கதையில் வரும் அந்தச் சிறுமிக்கு இந்த வினை வந்து வாய்த்ததில் வியப்பில்லை.

ஜூன் 4, பிற்பகல்

‘பைப் டவுன்’ என்பது இதற்கு நேர் எதிர்ச்சொல்லா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். ஆம். குழலை உயர்த்தினால் பேச்சு, தாழ்த்தினால் அமைதி.

ஜூன் 6, காலை

மேலே நான் சொன்னதைத் திருத்த வேண்டும். பொருளில் எதிர்ச்சொல்தான், பிறப்பில் அல்ல. ‘பைப் டவுன்’ கப்பலிலிருந்து வந்தது. பாய்மரக் கப்பல்களில் போசன் எனப்படும் மேற்பார்வையாளர் கழுத்தில் ஒரு சிறிய உலோகச் சீழ்க்கை தொங்கும். காற்றின் இரைச்சலையும் அலையின் இரைச்சலையும் மீறி மாலுமிகளின் காதுக்கு எட்டும்படி கூர்மையான ஒலி எழுப்புவது அது. அதன் உறுப்புகளுக்குக் கப்பல்காரர்கள் வைத்திருக்கும் பெயர்களே அழகாக இருக்கும்: ஊதும் குழல் பீரங்கி, நுனியிலுள்ள உருண்டை மிதவை, அடியிலுள்ள தகடு அடிக்கட்டை, மாட்டும் வளையம் சங்கிலிக் கொண்டி. விரல்களை மடக்கியும் திறந்தும் ஒலியை ஏற்றி இறக்கி, ஒவ்வொரு கட்டளைக்கும் ஒவ்வொரு மெட்டு ஊதுவார்கள். அவற்றுள் நாளின் கடைசி மெட்டுதான் ‘பைப் டவுன்’. விளக்கை அணை, சத்தத்தை நிறுத்து, மேல்தளத்தை விட்டுக் கீழே இறங்கு என்பது அதன் பொருள். அதிலுள்ள ‘டவுன்’ குரலைத் தாழ்த்துவதைக் குறிப்பதல்ல, ஆட்கள் கீழ்த்தளத்துக்கு இறங்குவதைக் குறிப்பது.

இந்த வேறுபாடு எனக்கு முக்கியமாகப் படுகிறது. ‘பைப் டவுன்’ என்பது அதிகாரம் உள்ளவர் ஊதுவது. ‘பைப் அப்’ என்பது அதிகாரம் இல்லாதவர் தொண்டையிலிருந்து வருவது. ஒரே குழல் என்று நான் அவசரப்பட்டு எழுதிவிட்டேன். இரண்டும் வேறு கைகளில் இருந்த குழல்கள்.

ஜூன் 7, இரவு

இந்த வினையின் பக்கத்து வீட்டுக்காரர்களையும் பார்த்துவிடுவோம், ஏனெனில் மொழிபெயர்ப்பில் இவர்கள் ஒருவர் இடத்தில் ஒருவர் போய் உட்கார்ந்துவிடுகிறார்கள். ‘பிளர்ட் அவுட்’ என்பது உளறிக்கொட்டுவது, போட்டு உடைப்பது. சொல்லக் கூடாததைச் சொல்லிவிடுவது. ‘பட் இன்’ தான் உண்மையான குறுக்கீடு. ‘வெய் இன்’ என்பதில் எடை இருக்கிறது. பேசுகிறவர் கனமான ஆள் என்று அந்த வினையே சொல்லிவிடும். அமைச்சர் கருத்துச் சொன்னால் ஆங்கில நாளிதழ் ‘வெய் இன்’ என்று எழுதும். அதே கருத்தைக் கடைசி வரிசைப் பையன் சொன்னால் ‘பைப் அப்’ என்று எழுதும்.

இவற்றுள் என்னை அதிகம் ஈர்ப்பது ‘சைம் இன்’. ‘சைம்’ என்ற சொல் கைத்தாளத்தைக் குறித்த ‘சிம்பலம்’ என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. ஒருவர் பேச்சோடு இன்னொருவர் இசைந்து சேர்ந்துகொள்வதை ஆங்கிலத்தில் அப்படிச் சொல்கிறார்கள். நம்மிடமும் கைத்தாளம் இருக்கிறது. ஆனால் ‘ஜால்ரா போடுகிறான்’ என்றால் அது வசை. குழலும் நம்மிடம் இருக்கிறது. நாகசுரத்துக்குப் பக்கத்தில் ஒரே சுருதியை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும் குழல் ஒத்து. ‘ஒத்து ஊதுகிறான்’ என்றால் அதுவும் வசை. தாளத்தையும் குழலையும் பேச்சுக்கு உவமையாக இரண்டு மொழிகளும் எடுத்திருக்கின்றன. ஆங்கிலத்தில் அவை ஒருவர் பேச்சில் சேர்வதற்கும் புதிதாகப் பேச்சைத் தொடங்குவதற்கும் பயன்பட்டன. தமிழில் இரண்டுமே பெரியவருக்குப் பின்னால் நின்று ஆமாம் போடுவதற்கே பயன்பட்டன. ஆகவே ‘பைப் அப்’ என்பதற்குக் குழல் உவமையைத் தமிழில் அப்படியே கொண்டுவர முயல வேண்டாம். ‘ஊது’ என்று எழுதிய நொடியில் பொருள் தலைகீழாகிவிடும்.

ஜூன் 9, காலை

நேற்றிரவு ஒரு சொல் தோன்றியது. குறளில் அவையறிதல் அதிகாரத்தில், ‘நன்றென்ற வற்றுள்ளும் நன்றே முதுவருள் முந்து கிளவாச் செறிவு’ என்று வருகிறது (715). தம்மினும் மிக்கவர் கூடியுள்ள அவையில் அவர்களுக்கு முந்திக்கொண்டு பேசாத அடக்கம், நல்லவை எல்லாவற்றிலும் நல்லது என்கிறது குறள். அப்படியானால் அதற்கு எதிரான செயல் ‘முந்து கிளத்தல்’. பெரியவர்கள் நடுவே சிறியவர் வாய் திறப்பதற்கு இதைவிடப் பொருத்தமான தமிழ் கிடைக்குமா? ‘முந்திக் கிளந்தாள்’ என்பது சிறுவர் கதைக்குக் கனமாக இருக்கும். ஆனால் அகராதியில் ஏற்றலாம். எனக்கு மிகுந்த மகிழ்ச்சியாக இருக்கிறது.

ஜூன் 11, இரவு

‘முந்து கிளத்தல்’ வேண்டாம். இரண்டு நாளாக அதை வைத்துப் பல வாக்கியங்களை எழுதிப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் எங்கள் சின்னத்தையின் முகம் நினைவுக்கு வந்து தடுத்தது. அதை விவரமாக எழுதினால்தான் ஏன் வேண்டாம் என்பது விளங்கும்.

1990களின் தொடக்கம். தாத்தா உயிரோடிருக்கும்போதே சொத்தைப் பிரித்துவிடலாம் என்று பெரியப்பா, அப்பா, சித்தப்பா மூவரும் ஊரில் கூடினார்கள். நடுக்கூடத்தில் பாய் விரித்துப் பத்திர எழுத்தர் உட்கார்ந்திருந்தார். பாகப்பிரிவினைப் பத்திரத்தின் வரைவை அவர் வரிவரியாக வாசிக்க, மூன்று அண்ணன் தம்பிகளும் தோப்பு யாருக்கு, மேட்டு நிலம் யாருக்கு, கிணற்றில் யாருக்கு எத்தனை நாள் முறைத் தண்ணீர் என்று காலையிலிருந்து பேசி ஒருவழியாக முடித்திருந்தார்கள். சின்னத்தை அடுக்களை நிலைப்படியில் உட்கார்ந்து மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு அந்தப் பேச்சில் இடமில்லை. கூட்டுக்குடும்பச் சொத்தில் மகளுக்கும் பங்கு உண்டு என்று தமிழ்நாட்டில் 1989இல் சட்டத் திருத்தம் வந்திருந்தது. ஆனால் அதற்கு முன்பே மணமாகிப் போனவர்களுக்கு அன்று அது பொருந்தவில்லை. சின்னத்தைக்கு மணமாகிப் பத்தாண்டுக்கு மேல் ஆகியிருந்தது.

எழுத்தர் வாசித்து முடித்துக் கண்ணாடியைக் கழற்றினார். சித்தப்பா மை டப்பாவைத் திறந்தார். அப்போது நிலைப்படியிலிருந்து, மொச்சைத் தோலிலிருந்து கண்ணை எடுக்காமலே, ‘கெணத்துக்குப் போற பாதை யாரு பங்குல வருது?’ என்று ஒரு கேள்வி வந்தது.

கூடத்தில் யாரும் பதில் சொல்லவில்லை. எழுத்தர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டு நான்கெல்லை எழுதிய பக்கத்தைப் புரட்டினார். கிணறு பொதுவில் இருந்தது. கிணற்றைச் சுற்றியிருந்த நிலம் முழுவதும் பெரியப்பா பங்கில் போயிருந்தது. மற்ற இருவருக்கும் தண்ணீர் உரிமை இருந்தது, தண்ணீருக்கு நடந்து போக வழி இல்லை. பாதைப் பாத்தியம் என்று ஒரு வரிகூட வரைவில் இல்லை. அன்று கையெழுத்து ஆகியிருந்தால் என்ன நேர்ந்திருக்கும் என்பதைக் கிணற்றுத் தகராறு பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ஆங்கிலத்தில் இந்தக் காட்சியை எழுதினால் சின்னத்தை ‘பைப்டு அப்’ என்றுதான் வரும். ஆனால் அவள் எங்கே முந்தினாள்? எல்லாரும் பேசி முடித்த பிறகு, கடைசி ஆளாக அல்லவா பேசினாள்? குறள் கண்டிப்பது அவசரத்தை. இந்த ஆங்கில வினையின் உயிரோ அவசரத்தில் இல்லை. அதற்கு முன்னால் இருந்த நீண்ட மௌனத்தில் இருக்கிறது. பேசுவார் என்று யாரும் நினைக்காத ஒருவர் பேசுவது அது. எதிர்பாராமை கேட்கிறவர்களிடம்தான் இருக்கிறது. பேசுகிறவருக்கு அது எதிர்பாராததே அல்ல. சின்னத்தை காலையிலிருந்து அந்தப் பாதையைப் பற்றித்தான் நினைத்துக்கொண்டிருந்திருப்பாள்.

ஜூன் 12, காலை

இரவெல்லாம் யோசித்ததில் ஒரு உறுத்தல் மிச்சமிருக்கிறது. சின்னத்தைக்குக் கீச்சுக்குரல் கிடையாது. கரகரத்த, தடித்த குரல். அவளுக்கும் குஞ்சுப் பறவைக்கும் ஒரு தொடர்பும் இல்லை. அப்படியிருந்தும் ஆங்கிலத்தில் அவளுக்கு இந்த வினைதான் வந்து ஒட்டுகிறது. ஏன்? குரல் மெலிந்திருப்பதால் அல்ல, அந்தக் கூடத்தில் அவளுடைய இடம் மெலிந்திருந்ததால். சொல் தொண்டையிலிருந்து புறப்பட்டு எங்கோ தகுதிக்கு மாறிவிட்டது. அதனால்தான் வளர்ந்தவர் ஒருவரைப் பற்றி, அதிலும் அலுவலகக் கூட்டத்தில் பேசிய ஒரு பெண்ணைப் பற்றி, இந்த வினையை எழுதினால் அவர் சொன்ன செய்தி என்னவாக இருந்தாலும் அவர் ஒரு படி சிறுத்துப்போகிறார். குழந்தைக்கு எழுதும்போது அதே சொல்லில் கனிவு இருக்கிறது. மழலையைக் குழலுக்கும் யாழுக்கும் மேலே வைத்த மொழி நம்முடையது. அந்தக் கனிவு நமக்கு நன்றாகவே புரியும்.

ஆகவே மொழிபெயர்ப்பவர் முதலில் பார்க்க வேண்டியது யார் பேசுகிறார் என்பதை. குழந்தை என்றால் ‘சின்னக் குரல்’, ‘கீச்சுக்குரல்’ என்று குரலைத் தொடலாம். வளர்ந்தவர் என்றால் குரலைத் தொடாமல் மௌனத்தைத் தொட வேண்டும்: ‘அதுவரை வாய் திறக்காமல் இருந்த சின்னத்தை கேட்டாள்’. நம் பெயரெச்சம் இதற்கென்றே அமைந்ததுபோல் இருக்கிறது. ஆங்கிலம் ஒரு வினையில் பொதிந்து வைத்ததைத் தமிழ் பெயருக்கு முன்னால் விரித்து வைக்கிறது.

ஜூன் 13

‘வாய் திறந்தாள்’ என்று மட்டும் எழுதினால் என்ன என்று கேள்வி வந்திருக்கிறது. எழுதலாம், ஆனால் எதிர்மறையில்தான் அதற்கு வலு. ‘வாயே திறக்கவில்லை’ என்பது இயல்பாக இருக்கிறது. ‘வாய் திறந்தாள்’ என்று உடன்பாட்டில் எழுதினால் வாசகர் அடுத்து ஒரு பெரிய இரகசியத்தை எதிர்பார்ப்பார்.

ஜூன் 15, இரவு

‘அப்’ என்ற துணைச்சொல்லை நாம் இதுவரை கவனிக்கவில்லை. இங்கே அது உயரத்தைக் குறிக்கவில்லை. இல்லாதிருந்த ஒன்று தோன்றுவதைக் குறிக்கிறது. ஆங்கிலத்தில் ஆள் வந்து சேர்வதற்கும், சிக்கல் முளைப்பதற்கும், வாத்தியக்குழு வாசிக்கத் தொடங்குவதற்கும் இதே ‘அப்’ வருகிறது. தமிழில் இந்த வேலையைச் செய்யும் வினை ஒன்று கண்முன்னாலேயே இருக்கிறது: ‘எழு’. கேள்வி எழுகிறது, ஐயம் எழுகிறது, சிரிப்பொலி எழுகிறது. அப்படியே குரலும் எழும்.

இங்கே தன்வினைக்கும் பிறவினைக்கும் உள்ள வேறுபாட்டை விடாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். ‘குரல் எழுப்பினாள்’ என்றால் அது எதிர்ப்பு. ஆங்கிலத்தில் ‘ஸ்பீக் அவுட்’. ‘குரல் கொடுத்தாள்’ என்றால் ஒன்று தூரத்திலிருந்து கூப்பிட்டாள், அல்லது ஒருவருக்கு ஆதரவாகப் பேசினாள். ‘குரல் எழுந்தது’ என்றால் எதிர்ப்பும் இல்லை, ஆதரவும் இல்லை. எதிர்பாராத இடத்திலிருந்து ஒரு பேச்சு தோன்றியது என்பது மட்டுமே. கேட்கிறவர்கள் திரும்பிப் பார்த்து யார் என்று தேடும் அந்த ஒரு நொடியும் அதற்குள் அடங்கியிருக்கிறது, ஏனென்றால் வாக்கியத்தின் எழுவாய் ஆள் அல்ல, குரல். ஆங்கிலக் கதைகளிலும் இந்த வினை வருமிடத்தில் பல வேளைகளில் ‘ஒரு சின்னக் குரல்’ என்பதே எழுவாயாக இருக்கும். கேட்டவரின் கதைக்கு நான் எழுதும் வரி இது:

‘எனக்கு வழி தெரியும்.’ எல்லாருக்கும் பின்னாலிருந்து ஒரு சின்னக் குரல் எழுந்தது.

ஜூன் 16

மாலுமிகள் காற்றைப் பற்றியும் ‘பைப் அப்’ என்பார்கள். கயிறுகளினூடே சீழ்க்கையடித்தபடி காற்று வலுக்கத் தொடங்குவது அது. அந்த இடத்தில் தமிழில் ‘காற்று எழுந்தது’ என்று எழுதினால் தட்டுத் தடங்கல் இல்லாமல் நிற்கிறது. ஒரே தமிழ் வினை இரண்டு இடத்திலும் பொருந்துவது எனக்கு நம்பிக்கை தருகிறது.

ஜூன் 20, இரவு

இன்று சின்னத்தையிடம் தொலைபேசியில் வேறு ஏதோ பேசிக்கொண்டிருந்தபோது அந்த நாளைப் பற்றிக் கேட்டேன். ‘அன்னைக்கு நீங்க பேசுனதாலதான கெணத்துப் பாதை கெடச்சுது’ என்றேன். ‘நான் எங்க பேசுனேன்? கேட்டேன்’ என்றாள். பிறகு மொச்சை இந்த ஆண்டு என்ன விலை விற்கிறது என்று சொல்லத் தொடங்கிவிட்டாள்.

அவள் செய்த அந்தத் திருத்தத்தை ஏற்று, 12ஆம் தேதி வரியில் ‘கேட்டாள்’ என்றே எழுதியிருந்ததைச் சரிபார்த்துக்கொண்டேன். கையில் இருக்கும் மெய்ப்பில் இந்த வினை ஆறு இடங்களில் வருகிறது. நான்கில் ‘குரல் எழுந்தது’ பொருந்திவிட்டது. ஐந்தாவதில் பேசுவது ஒரு தாத்தா. ‘அதுவரை பேசாமலிருந்த தாத்தா சொன்னார்’ என்று மாற்றினேன். ஆறாவதில் ஒரு கிளி பேசுகிறது. அங்கே ‘கீச்சிட்டது’ என்றே இருக்கட்டும்.